பாக்கு மட்டை வண்டியும் பொறியியல் பாடமும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாக்கு மட்டை வண்டியை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. மரத்திலிருந்து உதிர்ந்த மட்டையின் அகன்ற பகுதியில் ஒரு பிள்ளை அமர்ந்துகொள்ளும். மற்றொரு பிள்ளை ஓலைத் தண்டைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடும். மலாய்க் கம்பங்களில் இம்மட்டையை 'ஊப்பே' என்பர். அங்கும் இது நெடுங்கால விளையாட்டு. இவ்வண்டிக்குச் சக்கரம் இல்லை, இயந்திரம் இல்லை, காசுச் செலவும் இல்லை. பனி பெய்யும் நாடுகளில் பிள்ளைகள் ஏறி விளையாடும் சறுக்கு வண்டிக்கும் நம் பாக்கு மட்டைக்கும் அடிப்படையில் வேறுபாடு கிடையாது.

இத்தகைய சறுக்கு வண்டியின் சிறிய மாதிரியை, வீட்டில் எறியப்படும் பொருள்களைக் கொண்டு பிள்ளைகளே செய்யலாம். அவ்வாறு செய்யும்போது பொறியியல் வடிவமைப்பின் முதற்பாடத்தை அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். அப்பாடத்தைக் கற்பிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை என்பதையும், பால்வெட்டுத் தொழிலில் ஈடுபட்டுள்ள பெற்றோரிடம் அதற்குரிய அறிவு முன்னரே இருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளியில் ஒரு பாடம்

தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 2014ஆம் ஆண்டில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் அறிமுகம் செய்யப்பட்டது. ஒரு பொருளை எண்ணிப் பார்த்து, வரைந்து, செய்து, சோதித்துத் திருத்தும் முறையை மாணவர்களுக்கு உணர்த்துவது அதன் குறிக்கோள். தமிழ்ப்பள்ளிகளிலும் இப்பாடம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது.

ஆயினும், பெற்றோர் பலர் இப்பாடத்தைக் கண்டு தயங்குகின்றனர். "கணக்கு என்றால் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்போம், தமிழ் என்றால் படித்துக் காட்டுவோம், பொறியியல் என்றால் எங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வேறு சிலர், பிள்ளை செய்து வரவேண்டிய பொருளைத் தாங்களே இரவோடிரவாகச் செய்து கொடுத்துவிடுகின்றனர். இன்னும் சிலர் கடையில் வாங்கிக் கொடுக்கின்றனர். இம்மூன்று வழிகளிலும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பயன் கிடைப்பதில்லை. புள்ளிகள் கிடைக்கலாம், திறமை கிடைக்காது.

நாளைய தொழிற்கூடங்களில் வேலை தேடப்போகும் பிள்ளைகளுக்கு இத்திறமை இன்றியமையாதது. நம் ஜொகூர் மாநிலத்திலேயே ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமும், பாசிர் கூடாங்கில் இப்ராகிம் சுல்தான் பொலிதெக்னிக்கும் இருக்கின்றன. அவற்றின் வாயில் நம் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால், பதினேழு வயதில் அவ்வாயிலில் நுழைவதற்கான பழக்கத்தைப் பத்து வயதிலேயே தொடங்கிவிட வேண்டும்.

நம் கையில் உள்ள வடிவமைப்பு

வடிவமைப்பு என்பது அழகாகச் செய்வது மட்டும் அன்று. ஒரு தேவையை நன்கு உணர்ந்து, கிடைக்கும் பொருளைக் கொண்டு, அத்தேவையை நிறைவேற்றும் வழியை ஆராய்ந்து காண்பதே வடிவமைப்பு. நாள்தோறும் நாம் செய்யும் பால்வெட்டே இதற்குத் தக்க சான்றாகும்.

ரப்பர் மரத்தின் வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சரிந்திருப்பதை அனைவரும் அறிவோம். ஏன் அவ்வாறு இருக்க வேண்டும்? பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. அவை கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறம் நோக்கிச் சற்றே சாய்ந்து செல்கின்றன. அதற்கு எதிரான சாய்வில் வெட்டினால் மிகுதியான குழல்கள் திறக்கும். ஒட்டுமரத்துக்கு 30 பாகைச் சரிவு வகுக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. சரிவு குறைந்தால் பால் வெட்டுத்தடத்தில் தங்கிப் பட்டையின்மேல் வழிந்து வீணாகும். சரிவு கூடினால் பட்டை வீணாகும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைச் சோதித்துக் கண்டிருக்கின்றனர்.

இம்முறை ஒரே நாளில் தோன்றிவிடவில்லை. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தபோது மரங்கள் பெரிதும் காயமுற்றன. 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, மரத்துக்குக் கேடு நேராமல் பால் எடுக்கும் வழியைப் பல சோதனைகளால் ஆராய்ந்தார். புதிய இடத்தில் கொத்துவதைவிட, முன்னர் வெட்டிய இடத்தையே மெல்லியதாகச் சீவித் திறந்தால் பால் நன்றாக வரும் என்பது அச்சோதனைகளின் பயன். பின்னர் 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அப்பணியை மேலும் வளர்த்தது.

ஆக, செய்து பார்த்தல், அளந்து பார்த்தல், திருத்திச் செய்தல் என்னும் முப்படியின் விளைவே நம் கையிலுள்ள கத்தியும் அது இடும் தடமும். பட்டையின் தடிப்பை விரலால் உணர்ந்து கத்தியின் அழுத்தத்தை மாற்றிக்கொள்பவர் ஒருவகையில் பொறியியல் அறிவைத்தான் கையாள்கிறார். இதனைப் பிள்ளையிடம் சொல்லிப் பழக்கமில்லை என்பதொன்றே குறை.

சறுக்கு வண்டி உலகுக்குச் செய்த உதவி

பாரம் இழுப்பதற்கு மனிதன் கண்ட பழமையான கருவிகளுள் சறுக்கு வண்டியும் ஒன்று. எகிப்து நாட்டில் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஜெகுட்டிஹோட்டெப் என்பாரின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் உள்ளது. மாபெரும் சிலையொன்று சறுக்கு வண்டியில் ஏற்றப்பட்டிருக்கிறது. வரிசை வரிசையாக ஆட்கள் அதனை இழுக்கின்றனர். வண்டியின் முன்னே ஒருவர் மணலில் நீர் ஊற்றுகிறார். நீர் ஊற்றுவது சடங்கென்றே பலர் கருதியிருந்தனர். 2014ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்துப் பார்த்தனர். மணலில் சரியான அளவு நீர் சேர்ந்தால் அது இறுகி, வண்டியின் முன்னே குவியாமல் இருக்கிறது; இழுக்கத் தேவையான விசை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று கண்டனர். நீர் மிகுந்தாலோ அப்பயன் குறைந்துவிடும்.

நம் நாட்டிலும் இக்கருவி பயன்பட்டது. சரவாக்கின் சதுப்புநிலக் காடுகளில் சக்கர வண்டி புதைந்துவிடும். ஆதலால் குறுக்குக் கம்புகளைப் பரப்பிப் பாதை அமைத்து, வெட்டிய மரத்தைச் சறுக்கு வண்டியில் ஏற்றித் தொழிலாளர்கள் இழுத்தனர். இதற்குக் 'கூடா-கூடா' முறை என்பது பெயர்.

1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த நார்வே நாட்டு அமுண்ட்சென் குழுவினரும் நாய்கள் இழுத்த சறுக்கு வண்டிகளிலேயே சென்றனர். குழுவில் ஓலாவ் பியாலண்ட் என்பவர் தச்சுவேலையில் தேர்ந்தவர். புறப்படுவதற்கு முந்தைய குளிர்காலம் முழுதும் அவர் வண்டிச் சட்டங்களைச் செதுக்கிச் செதுக்கி எடையை வெகுவாகக் குறைத்தார். துருவத்தை அடைந்த ஐவருள் அவரும் ஒருவர். துருவப் பயணத்தின் வெற்றியில் ஓர் இழைப்புளிக்கும் பங்குண்டு என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

வேலையை வகுத்துக் கொடுத்தல்

"ஒரு வண்டி செய்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை குழம்பும். பொறியியலில் முதற்படி, தேவையையும் வரம்பையும் தெளிவாக வகுப்பதாகும். கீழ்க்காணும் வேலையைக் கொடுக்கலாம்.

பத்து ரப்பர் கொட்டைகளைச் சுமந்துகொண்டு, ஒன்றையும் சிந்தாமல், பலகைச் சரிவில் இறங்கிச் சிமெந்துத் தரையில் இயன்ற அளவு தொலைவு செல்லும் சக்கரமில்லா வண்டியைச் செய்ய வேண்டும். வண்டியின் நீளம் 20 சென்டிமீட்டருக்கும் அகலம் 10 சென்டிமீட்டருக்கும் மிகக்கூடாது. பசையும் நூலும் தவிர எதனையும் விலைக்கு வாங்கலாகாது. கையால் தள்ளிவிடக் கூடாது. விட்டுவிட வேண்டும், அவ்வளவே.

கொட்டை விழும் காலம் அல்லவெனில் சிறு கூழாங்கற்களைப் பயன்படுத்தலாம். ரப்பர் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் நஞ்சாகும்; ஆகையால் கைக்குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

பொருள் திரட்டுதல்

வேலைக்கு வேண்டிய பொருள்கள் நம் வீட்டுக் குப்பையிலேயே கிடைக்கும். குடிநீர்ப் பிளாஸ்டிக் புட்டி, பால்பெட்டி, சாமான் வந்த அட்டைப்பெட்டி, ஐஸ்கிரீம் குச்சி, பழைய நாள்காட்டியின் வழுவழுப்பான தாள், தேய்ந்துபோன ஜப்பான் சிலிப்பர், எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தி, துணி உலர்த்தும் கிளிப்பு, ரப்பர் வளையம் ஆகியவை போதும். பாக்கு மட்டையின் ஒரு துண்டு கிடைத்தால் மிக நன்று.

வீட்டைச் சுற்றிக் கிடக்கும் டின்களையும் புட்டிகளையும் பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்குவதால் மற்றொரு நன்மையும் உண்டு. மழைநீர் தேங்கும் இத்தகைய கலங்களில்தான் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. பாடத்துக்கான பொருளும் சேரும், லயமும் தூய்மையாகும்.

ஆயினும், களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அடைத்து வந்த புட்டிகளையும், பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் இருந்த கலங்களையும் எக்காரணம் கொண்டும் எடுக்கலாகாது. எத்தனை முறை கழுவினாலும் அவை பிள்ளைகளின் கைக்கு உரியவை அல்ல.

செய்முறை

முதல்நாள் மாலை, பிள்ளை தன் எண்ணத்தைத் தாளில் வரையட்டும். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று இரண்டு படங்கள் வேண்டும். எந்தப் பகுதி எந்தப் பொருளால் ஆனது என்பதையும் அளவையும் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று வெவ்வேறு எண்ணங்களை வரைந்து, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, தெரிந்தெடுத்த காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி மிக முக்கியமானது.

இரண்டாம் நாள் செய்யத் தொடங்கலாம். எளிய வழிகள் சில: புட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் தோணி போன்ற வண்டி கிடைக்கும். அட்டையின் முன்விளிம்பை மேல்நோக்கி வளைத்து நூலால் கட்டினால் பாக்கு மட்டை வடிவம் கிடைக்கும். பால்பெட்டியின் அடியில் ஐஸ்கிரீம் குச்சிகளை இரண்டு தண்டவாளம் போல ஒட்டினால் பனிநாட்டு வண்டியைப் போன்றது கிடைக்கும். புட்டியையும் டின்னையும் வெட்டும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். வெட்டிய விளிம்புகளில் ஒட்டுநாடாவை மடித்து ஒட்டுவது நலம்.

இதற்கிடையில் சோதனைச் சரிவை அமைக்கலாம். 100 சென்டிமீட்டர் நீளமுள்ள வழுவழுப்பான பலகையின் ஒரு முனையை 50 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். இது சரியாக 30 பாகைச் சரிவு. அதாவது, ஒட்டுமரத்தில் நாம் இடும் வெட்டின் அதே சரிவு. பிள்ளைக்கு இதனைச் சொல்லிப் பாருங்கள். அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் செய்யும் வேலைக்கும் தன் பாடத்துக்கும் உள்ள தொடர்பு அதற்கு அப்போது புலப்படும். பலகை தரையைத் தொடும் இடத்தில் தடித்த அட்டையொன்றைச் சற்று வளைவாகப் படிய வைத்தால் வண்டி முட்டி நிற்காமல் தரைக்கு இறங்கும்.

அளந்து எழுதுதல்

வண்டியைப் பலகையின் உச்சியில் வைத்து விட்டுவிட வேண்டும். பலகையின் அடியிலிருந்து வண்டி நின்ற இடம் வரை தையல் நாடாவால் அளக்க வேண்டும். ஒரே முறை அளந்து முடிவு கட்டுதல் சரியன்று. மூன்று முறை விட்டு, மூன்று தொலைவுகளையும் கூட்டி, மூன்றால் வகுத்துச் சராசரி காண வேண்டும். எடுத்துக்காட்டாக, 62, 70, 66 சென்டிமீட்டர் என்று வந்தால் கூட்டுத்தொகை 198, சராசரி 66. நான்காம் ஆண்டுக் கணக்கு இங்கே உயிர் பெறுகிறது.

பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஐந்து கட்டங்களாகக் கோடிட்டுக்கொள்ளலாம். எத்தனையாவது வண்டி, என்ன மாற்றம் செய்யப்பட்டது, மூன்று தொலைவுகள், சராசரி, சிந்திய கொட்டைகளின் எண்ணிக்கை என்பன அக்கட்டங்கள். நாளும் எடை போட்ட பாலின் கணக்கைக் குறித்து வைப்பது போன்றதே இது. எழுதி வைக்காத எடைக்கு யார் பொறுப்பாவார்? எழுதி வைக்காத சோதனையும் அத்தகையதே.

ஒரு வேளைக்கு ஒரு மாற்றம்

இப்பாடத்தின் உயிர்நாடி இதுதான். வண்டி நன்றாக ஓடவில்லையெனில், பிள்ளை அடிப்பகுதியையும் முன்பகுதியையும் சுமையையும் ஒருசேர மாற்றிவிட விரும்பும். அவ்வாறு மாற்றினால், பயன் எதனால் வந்தது என்று அறிய வழியில்லாமல் போகும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிக்கப் பழக்க வேண்டும். அவ்வகையில் பின்வரும் சோதனைகளைச் செய்யலாம்.

முதலாவது, அடிப்பரப்பு. இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று தேய்ந்து நகரும்போது எழும் தடை உராய்வு எனப்படும். சொரசொரப்பான அட்டையில் அது மிகுதி. அதே வண்டியின் அடியில் நாள்காட்டித் தாளை ஒட்டிப் பாருங்கள். பிறகு மெழுகைத் தேய்த்துப் பாருங்கள். பிறகு பிளாஸ்டிக் துண்டை ஒட்டிப் பாருங்கள். இறுதியாக, சிலிப்பரிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டை ஒட்டிப் பாருங்கள். ரப்பர் வண்டி பலகையிலேயே நின்றுவிடவும் கூடும். மெழுகு வழுக்குகிறது, ரப்பர் பற்றிக்கொள்கிறது. மகிழுந்துச் சக்கரத்துக்கும் காலணிக்கும் ரப்பரை உலகம் தேடி வாங்குவதன் காரணம் இந்தப் பற்றும் தன்மையே என்று இவ்விடத்தில் விளக்கலாம். நாம் எடுக்கும் பாலின் அருமையைப் பிள்ளை கண்ணாரக் காண்கிறது.

இரண்டாவது, மூக்குப்பகுதி. முன்விளிம்பு தட்டையாக இருக்கும் வண்டி, சரிவு முடிந்து தரை தொடங்கும் இடத்தில் முட்டிக்கொள்ளும். விளிம்பு மேல்நோக்கி வளைந்திருந்தால் ஏறிச் செல்லும். பாக்கு மட்டையில், இழுப்பவர் தண்டைத் தூக்கிப் பிடிப்பதால் முன்பகுதி உயர்ந்தே இருக்கிறது. பக்க விளிம்புகள் உட்புறம் சுருண்டிருப்பதால் அமர்ந்திருக்கும் பிள்ளையும் விழுவதில்லை. இயற்கை செய்த வடிவமைப்பு அது.

மூன்றாவது, சுமையின் அளவு. பத்துக் கொட்டைக்குப் பதிலாக இருபது கொட்டை ஏற்றினால் வண்டி கூடுதல் தொலைவு செல்லுமா, குறைந்த தொலைவு செல்லுமா? சோதிக்கும் முன்பே பிள்ளையின் விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கனமானது வேகமாகப் போகும் என்றே பெரும்பாலோர் நினைப்பர். அளந்து பார்த்தால் பெரிய வேறுபாடு இராது. சுமை கூடும்போது கீழே இழுக்கும் விசை கூடுகிறது, தடுத்து நிறுத்தும் உராய்வும் அதே அளவில் கூடுகிறது, இரண்டும் ஈடாகிவிடுகின்றன. வேறுபாடு மிகுதியாகத் தெரிந்தால், சுமையினால் அட்டை வளைந்து தரையில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, சுமையின் இடம். கொட்டைகளை உயரமான கிண்ணத்தில் வைத்தால் வண்டி எளிதில் கவிழும். தாழ்வாகவும் பரவலாகவும் வைத்தால் நிலைத்து நிற்கும். முன்னே வைத்தால் மூக்குக் குத்தும். தலைக்குமேல் சாமான் அடுக்கிய லாரி வளைவில் தடுமாறுவதும் இக்காரணத்தினால்தான்.

இவற்றைச் செய்து முடித்தபின், கற்ற அனைத்தையும் ஒன்றுசேர்த்துப் புதியதொரு வண்டியைச் செய்யட்டும். முதல் வண்டியை எறிந்துவிடாமல் அதன் அருகிலேயே வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் பிள்ளை கற்ற கல்வியின் அளவு.

பெற்றோரின் பங்கு

வண்டி கவிழ்ந்தவுடன், "இங்கே கொடு, நான் செய்கிறேன்" என்று கைநீட்டுவது நம் இயல்பு. அன்பினால் எழுவதாயினும் அது பிள்ளையின் சிந்தனையை முடக்கிவிடும். விடை சொல்வதைவிட வினா கேட்பதே இங்கு உதவி. ஒரு வீட்டில் நிகழக்கூடிய உரையாடலைப் பாருங்கள்.

"அப்பா, இது ஓடவே மாட்டேங்குது."

"எந்த இடத்துல நிக்குது, அம்மாடி?"

"பலகை முடியிற இடத்துல."

"ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலயா?"

"ஆமாப்பா. மூக்கு இடிக்குது."

"அப்படின்னா எதை மாத்திப் பார்க்கலாம்னு நினைக்கிற?"

இந்தத் தந்தை ஒரு விடையும் சொல்லவில்லை. ஆயினும், சிறந்த ஆசிரியர் செய்யும் பணியைச் செய்துவிட்டார். எங்கே, எப்போது, ஒவ்வொரு முறையுமா, எதை மாற்றலாம் என்னும் நான்கு வினாக்களைக் கேட்க எழுத்தறிவும் தேவையில்லை. பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் இவ்வினாக்கள் பொதுவே. "இது ஆம்பளைப் பிள்ளைகள் வேலை" என்று மகளை அடுப்படிக்கு அனுப்பிவிடுதல் முறையன்று. கைப்பேசி இருந்தால், வண்டி இறங்குவதை மெதுவாக ஓடும் படமாகப் பிடித்து இருவரும் சேர்ந்து பார்க்கலாம். கண்ணுக்குத் தப்பியது அதில் தெரியும்.

ஒரு முன்னோடி

கழிவுப் பொருளைக் கொண்டு அறிவியல் கற்பிப்பது புதுமையன்று. இந்தியாவில் அரவிந்த் குப்தா என்பவர் 1975ஆம் ஆண்டு கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றுப் புனேயில் பெரிய வாகனத் தொழிற்சாலையொன்றில் பணியாற்றினார். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் கிராமப் பள்ளிகளுக்காக நடைபெற்று வந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே ஆய்வுக்கூடம் அமைக்கப் பணமில்லை. அவர் மிதிவண்டியின் வால்வில் இடும் சிறு ரப்பர்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, அதன் முனைகளில் தீக்குச்சிகளைச் செருகினார். முக்கோணம், சதுரம், வீடு, கூண்டு என எத்தனையோ உருவங்கள் பிறந்தன. சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடுகிறது, முக்கோணம் சாய்வதில்லை என்பதைப் பிள்ளைகள் தம் விரலாலேயே அறிந்தனர். பாலங்களிலும் கூரைகளிலும் முக்கோணச் சட்டங்கள் இருப்பதன் காரணம் அதுவே.

பின்னர் அவர் குப்பையிலிருந்து செய்யத்தக்க நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருள்களை உருவாக்கிப் பல மொழிகளில் பரப்பினார். 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஏழைப் பள்ளிக்கு ஏழ்மையான அறிவியல்தான் கிட்டும் என்னும் எண்ணத்தை ஒரு துண்டு ரப்பர்க் குழாய் பொய்யாக்கிவிட்டது.

நம் நாட்டிலும் ஆஸ்தி என்னும் அறிவியல் அமைப்பு தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக அறிவியல் விழாக்களை நடத்தி வந்துள்ளது. அத்தகைய மேடைகளில் ஏறும் பிள்ளைகளுக்குத் தோட்டத்து வீட்டின் முற்றமே முதல் மேடையாக அமையலாம்.

தோட்டத்தில் ஒரு போட்டி

பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோயில் இளைஞர் குழுவோ சமூக மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்போட்டியை நடத்தலாம். ஒரே பலகை, ஒரே தரை, ஒரே எண்ணிக்கையான கொட்டைகள் என்று வைத்தால் வழக்கு எழாது. ஆனால், மிகுந்த தொலைவு சென்ற வண்டிக்கு மட்டும் பரிசு அளித்தால், பெரியவர்கள் செய்து கொடுத்த வண்டியே வெல்லும். ஆகவே இரண்டு பரிசுகள் வைப்பது சிறப்பு. ஒன்று, தொலைவுக்கு. மற்றொன்று, முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே மிகுந்த முன்னேற்றம் காட்டி, அதன் காரணத்தைப் புத்தகத்தில் தெளிவாக எழுதி, கேட்டவர்க்கு வாயால் விளக்கிய பிள்ளைக்கு. இரண்டாவது பரிசே பெரிதாக இருக்கட்டும்.

எச்சரிக்கைகள்

மாதிரி வண்டியில் கற்ற பிள்ளைகள் உண்மையான மட்டையில் ஏறிச் சறுக்க விரும்புவர், தடுக்க வேண்டுவதில்லை. எனினும், லாரியும் டிராக்டரும் செல்லும் சாலையில் முடியும் சரிவையும், கால்வாய், குளம், முள்வேலி இவற்றின் அருகிலுள்ள சரிவையும் தவிர்க்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருத்தல் அவசியம். பால்வெட்டுக் கத்தியை இவ்வேலைக்குப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மிஞ்சிய பிளாஸ்டிக்கை எரிக்காமல் மறுசுழற்சிக்குச் சேர்த்து வைப்பது பாடத்தின் கடைசிப் பகுதியாகும்.

பிள்ளைகளுக்கான பயிற்சி வினாக்கள்

1. உன் வண்டியில் உராய்வு குறைவாக இருக்க வேண்டிய பகுதி எது? கொட்டை நழுவாமல் இருக்க உராய்வு மிகுதியாக வேண்டிய பகுதி எது?

2. ஒரே வண்டியைச் சிமெந்துத் தரை, பாய், புல்தரை ஆகியவற்றில் விட்டுப் பார். தொலைவு எவ்வாறு மாறுகிறது? ஏன்?

3. பலகையின் உயரத்தை 50 சென்டிமீட்டரிலிருந்து சிறிது சிறிதாகக் குறைத்து வா. எந்த உயரத்தில் வண்டி நகர மறுக்கிறது? மெழுகு தேய்த்தபின் அந்த உயரம் என்ன ஆகிறது?

4. சதுப்பு நிலத்தில் சக்கர வண்டியைவிடச் சறுக்கு வண்டி ஏன் ஏற்றது?

5. அம்மாவிடமோ அப்பாவிடமோ கேள்: பால்வெட்டுத் தடம் ஏன் சாய்வாக இருக்கிறது? அவர்கள் சொன்ன விடையைப் படத்துடன் எழுது.

ஐந்தாம் வினாவுக்கு விடை பாடநூலில் இராது. அது நம்மிடமே இருக்கிறது. பிள்ளை புத்தகத்தோடு வந்து கேட்கும்போது, "எனக்கு என்னம்மா தெரியும்" என்று அனுப்பிவிடாமல், அருகில் அமர வைத்துச் சொல்லுங்கள். பத்துக் கொட்டையைச் சுமக்கும் வண்டியைச் செம்மையாக்கிய கை, நாளை பெரும்பாரம் சுமக்கும் பொறிகளையும் செம்மையாக்கும்.